ஒரே படம், நாட்டுக்கு ஒரு கிளைமாக்ஸ்: ஏன் இப்படி?

2010 பிப்ரவரி 26 அன்று கௌதம் வாசுதேவ் மேனனின் ஒரே காதல் கதை இரண்டு மொழிகளில் வெளியானது. தமிழில் 'விண்ணைத்தாண்டி வருவாயா', தெலுங்கில் 'ஏ மாய சேசாவே'. இரண்டிலும் கார்த்திக், இரண்டிலும் ஜெஸ்ஸி, இரண்டிலும் ஏ.ஆர். ரஹ்மானின் அதே மெட்டுகள். ஆனால் தமிழில் சிம்புவும் த்ரிஷாவும் பிரிந்துவிடுகிறார்கள். கார்த்திக் எடுக்கும் படத்துக்குள் காதலர்கள் சேர்கிறார்கள், நிஜத்தில் ஜெஸ்ஸி வேறொருவரின் மனைவி. தெலுங்கில் நாக சைதன்யாவும் சமந்தாவும் சேர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். மாறியிருப்பது கடைசிச் சில நிமிடங்கள்தான், ஆனால் மொத்தப் படமும் வேறு ஆகிவிடுகிறது. ஜெஸ்ஸி வேண்டும் என்கிறாள், வேண்டாம் என்கிறாள், மறுபடி வேண்டும் என்கிறாள். தமிழில் படம் முடிந்தபின் யோசித்தால், அந்தத் தயக்கம் ஒவ்வொன்றும் வரப்போகும் பிரிவுக்கு முன்கூட்டியே கிடைத்த சேதியாகத் தெரிகிறது. தெலுங்கில் அதே தயக்கம், காதல் தாண்டி வரவேண்டிய ஒரு தடை மட்டுமே. அதே வசனம், அதே மௌனம், ஆனால் அர்த்தம் வேறு. கிளைமாக்ஸுக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது. அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்பது அதனால்தான் முக்கியமாகிறது.

இது மொழிக்கு மொழி நடந்த மாற்றம். அதுவும் இயக்குநரே விரும்பி, வேறு நடிகர்களை வைத்து, தனியாகப் படமாக்கியது. நாட்டுக்கு நாடு கிளைமாக்ஸ் மாறுவது இதைவிடச் சிக்கலானது. அங்கே நடிகர்களும் அதேதான், படமும் அதேதான். லண்டனில் பார்த்தவருக்கு ஒரு முடிவு, நியூயார்க்கில் பார்த்தவருக்கு இன்னொரு முடிவு. இருவருக்கும் பெரும்பாலும் இது தெரிவதுகூட இல்லை.

ஏன் என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும்: "அந்த ஊர் ரசனை அப்படி." எனக்கு இந்தப் பதிலில் திருப்தி இல்லை. கிடைக்கிற உதாரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ரசிகர்கள் வந்து "முடிவை மாற்று" என்று கேட்ட கதை மிகக் குறைவு. அவர்களுக்கு என்ன பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று நடுவில் இருக்கும் ஒருவர் முடிவு செய்கிறார். அவர் விநியோகஸ்தராக இருக்கலாம், ஸ்டுடியோ முதலாளியாக இருக்கலாம், சென்சார் அதிகாரியாக இருக்கலாம். அந்த ஒருவர் யார் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள், விஷயம் தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில் வியாபாரம். ஒரு படத்தை உலகம் முழுக்க ஒரே ஆள் வெளியிடுவதில்லை. செங்கல்பட்டு ஏரியா, கோவை ஏரியா, மதுரை ஏரியா என்று பிரித்து விற்பதும், வெளிநாட்டு உரிமையை எஃப்எம்எஸ் என்று தனியாக விற்பதும் சினிமாச் செய்தி படிக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்ற நாட்டுப் படங்களும் அப்படித்தான் விலைபோகின்றன. பிரிட்டனில் ஒரு நிறுவனம், அமெரிக்காவில் இன்னொன்று, ஜப்பானில் வேறொன்று. ஒவ்வொருவரும் தன் பணத்தைப் போட்டிருக்கிறார். படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை, அதாவது ஃபைனல் கட், ஒப்பந்தத்தில் இயக்குநருக்கு இல்லையென்றால், பணம் போட்டவர் தன் ஏரியாவுக்கு ஏற்றபடி கத்தரிக்கோலை எடுக்கலாம். பெரும்பாலான இயக்குநர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

இந்தப் பழக்கம் மௌனப்பட காலத்திலேயே தொடங்கிவிட்டது. டென்மார்க்கில் 1906இல் தொடங்கிய நோர்டிஸ்க் நிறுவனம் அன்று ஐரோப்பாவின் பெரிய படக் கம்பெனிகளில் ஒன்று. டென்மார்க் சின்ன நாடு, உள்ளூர் வசூலை மட்டும் நம்பிப் பெரிய படம் எடுக்க முடியாது. ஜெர்மனியும் ரஷ்யாவும் முக்கியமான சந்தைகள். ரஷ்யர்களுக்குச் சோகமான முடிவுதான் பிடிக்கும் என்று அன்றைய படத்தொழிலில் ஒரு திடமான நம்பிக்கை இருந்தது. அதனால் நோர்டிஸ்க் சில படங்களுக்கு இரண்டு முடிவுகளை எடுத்து வைத்தது. மற்ற நாடுகளுக்குச் சுபமுடிவு, ரஷ்யாவுக்குத் துயரமுடிவு. 1913இல் ஆகஸ்ட் ப்ளோம் இயக்கிய 'அட்லாண்டிஸ்' இதற்குப் பேர்போன உதாரணம். டைட்டானிக் மூழ்கிய அடுத்த வருஷமே, நடுக்கடலில் கப்பல் மூழ்கும் காட்சியோடு வந்த படம் அது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1909இல் அமெரிக்காவில் கிரிஃபித் ஒரு குறும்படம் எடுத்தார். வீட்டுக்குள் கொள்ளையர்கள் நுழைகிறார்கள், மனைவி கணவனுக்குத் தொலைபேசியில் சொல்கிறாள், அவன் பதறி ஓடிவந்து கடைசி நொடியில் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். 1914இல் ரஷ்யாவில் புரோட்டசனோவ் அதே கதையை எடுத்தபோது, கணவன் வந்து சேர்வதற்குள் மனைவி கொல்லப்பட்டுவிடுகிறாள். ஆகவே ரஷ்யாவில் உள்ளூர்க்காரர்களே சோகமுடிவை நாடினார்கள் என்பது உண்மை. ஆனாலும் "இந்த நாட்டுக்காரன் இப்படித்தான்" என்று டென்மார்க்கில் உட்கார்ந்துகொண்டு ஒரு கம்பெனி முடிவு செய்ததும், அதன் படி ஒரு கதாபாத்திரத்தின் விதியை மாற்றியதும் வேறு விஷயம்.

அன்று இது தொழில்நுட்ப ரீதியாகவும் சுலபம். வசனம் கிடையாது. இடையில் வரும் எழுத்து அட்டைகளை அந்தந்த மொழியில் மாற்றினால் போதும். படம் தனித்தனி ரீல்களாகப் போகும். கடைசி ரீலை மட்டும் வேறாக வைத்து அனுப்பிவிடலாம்.

ஹாலிவுட் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்பதற்கு 1927இல் எம்ஜிஎம் வெளியிட்ட 'லவ்' சாட்சி. கிரேட்டா கார்போவும் ஜான் கில்பர்ட்டும் நடித்த அந்தப் படத்தின் கதை டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'. அன்னா ரயில் முன் விழுந்து உயிரை விடுவது உலகம் முழுக்க வாசகர்களுக்குத் தெரிந்த முடிவு. அதையே மாற்றினார்கள். இன்னொரு முடிவில் அன்னாவின் கணவர் இறந்துவிடுகிறார், சில வருஷங்கள் கழித்து அன்னாவும் காதலன் விரான்ஸ்கியும் அவள் மகன் படிக்கும் ராணுவப் பள்ளியில் மறுபடி சந்தித்துச் சேர்கிறார்கள். ஐரோப்பாவுக்கு ரயில், அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களுக்குச் சந்திப்பு. அமெரிக்காவிலேயே எந்த முடிவு வேண்டும் என்று தியேட்டர்காரர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றும் விட்டார்கள். ரயில் சக்கரத்தில் முடியவேண்டும் என்பதற்காகவே டால்ஸ்டாய் முதலிலிருந்து ரயில் நிலையத்தைக் கதைக்குள் வைத்தார். அதைத் தியேட்டர் முதலாளியின் விருப்பத்துக்கு விட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கட்டுக்கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தைப் பற்றி யார் பேசினாலும் அது வந்துவிடும். 1962இல் ஜப்பானில் 'கிங் காங்கும் காட்ஸில்லாவும்' மோதும் படம் வந்தது. ஜப்பானிய வடிவத்தில் காட்ஸில்லா ஜெயிக்கும், அமெரிக்க வடிவத்தில் கிங் காங் ஜெயிக்கும் என்று பல தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். அது பொய். இரண்டிலும் இரண்டு மிருகங்களும் கடலில் விழுகின்றன, கிங் காங் மட்டும் மேலே வந்து தன் தீவை நோக்கி நீந்திப் போகிறது. அமெரிக்க வடிவத்தில் வேறு பல மாற்றங்கள் உண்டு. கடைசிக் காட்சியில் வித்தியாசம் சத்தத்தில்தான்: ஜப்பானில் இருவருடைய உறுமலும் கேட்கும், அமெரிக்காவில் காங்கின் உறுமல் மட்டும். ஆனால் இந்தப் பொய் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தந்த நாட்டு ரசிகனை அவன் நாட்டு நாயகனை ஜெயிக்கவைத்துக் குஷிப்படுத்துவார்கள் என்பது எல்லோருக்கும் இயல்பாகவே தோன்றியது.

நம் பக்கத்திலேயே அப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. 1998இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் 'ஹரிகிருஷ்ணன்ஸ்'. மம்முட்டி, மோகன்லால் இருவரும் நண்பர்கள், இருவருக்கும் ஜூஹி சாவ்லா மீது காதல். அவள் யாரைத் தேர்ந்தெடுத்தாள்? சில தியேட்டர்களில் மம்முட்டியை, வேறு தியேட்டர்களில் மோகன்லாலை. இரண்டு முடிவுகளுடன் பிரிண்டுகள் போனது கேரளாவில் பெரிய பேச்சாகி, சர்ச்சையும் ஆனது.

சரி, நாடுகளுக்குத் திரும்புவோம். ரசிகரின் ரசனையைக் கணிக்க ஹாலிவுட் வைத்திருக்கும் முக்கியமான கருவி டெஸ்ட் ஸ்கிரீனிங். படம் வெளியாகும் முன் பொதுமக்கள் சிலரை அழைத்துக் காட்டி, படிவத்தில் கருத்து எழுதி வாங்குவார்கள். மதிப்பெண் குறைந்தால் பெரும்பாலும் அடிவாங்குவது கிளைமாக்ஸ்தான். 1987இல் வந்த 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' படத்துக்கு இப்படித்தான் சுமார் 13 லட்சம் டாலர் செலவில் புது முடிவை எடுத்துச் சேர்த்தார்கள். நாயகி கிளென் க்ளோஸ் அதை எதிர்த்தும் பலனில்லை.

இந்தச் சோதனைக் காட்சிகள் நாட்டுக்கு நாடு தனித்தனியாக நடக்கும்போது முடிவுகளும் பிரிந்துவிடும். ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து ஜோ ரைட் 2005இல் இயக்கிய 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' அப்படிப்பட்டது. அமெரிக்காவில் ஓடிய வடிவத்தில் கடைசியாக ஒரு காட்சி உண்டு. திருமணத்துக்குப் பின் எலிசபெத்தும் டார்சியும் இரவில் தங்கள் மாளிகைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். தன்னை எப்போது எப்படி அழைக்கவேண்டும் என்று அவள் சொல்கிறாள். அவன் "மிஸஸ் டார்சி" என்று திரும்பத் திரும்பச் சொல்லி முத்தமிடுகிறான். பிரிட்டனில் முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அதனால் அங்கே அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் படம் எலிசபெத்தின் அப்பாவோடு முடிந்தது. மகளின் காதலைக் கேட்டுக் கண் கலங்கிச் சிரிக்கும் டொனால்ட் சதர்லேண்டின் முகம், அவ்வளவுதான்.

எனக்கு அப்பாவின் முகத்தோடு முடிவதுதான் பிடித்திருக்கிறது. அந்தக் கதையில் யாரும் நினைத்ததை நேராகச் சொல்வதில்லை, அந்த அடக்கத்துக்கு அதுவே பொருத்தம். ஆனால் அதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் வேறு முடிவு இருக்கிறது என்று தெரிந்ததும், தங்களுக்கு மட்டும் ஏன் காட்டவில்லை என்று பிரிட்டன் ரசிகர்கள் புகார் செய்தார்கள். முதல் வெளியீட்டுக்குச் சுமார் பத்து வாரம் கழித்து அந்த முத்தக் காட்சியோடு படம் அங்கேயும் மறுபடி திரைக்கு வந்தது. ஒரு சின்னக் கூட்டத்தின் படிவங்களை வைத்து ஒரு நாட்டின் ரசனையைக் கணித்தது, அந்த நாட்டாலேயே தள்ளப்பட்டது.

அதே 2005இல் பிரிட்டனில் நீல் மார்ஷலின் திகில் படம் 'தி டிசென்ட்' வெளியானது. ஆறு பெண்கள் குகைக்குள் இறங்குகிறார்கள், உள்ளே அவர்களை வேட்டையாடும் உயிரினங்கள். கடைசியில் சாரா மட்டும் எப்படியோ மேலேறி வெளியே வருகிறாள். காருக்கு ஓடுகிறாள், ஓட்டிச் செல்கிறாள், நிறுத்துகிறாள். திரும்பினால் பக்கத்து சீட்டில் ரத்தம் வழிய அவள் தோழி. 2006இல் அமெரிக்காவில் வெளியான வடிவம் இந்த அதிர்ச்சியோடு முடிகிறது. பிரிட்டனில் இன்னும் கொஞ்சம் போகும். சாரா கண் விழிக்கிறாள், இன்னும் குகைக்குள்தான் இருக்கிறாள். தப்பித்தது கனவு. எதிரில் இறந்துபோன மகள் பிறந்தநாள் கேக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். சாரா புன்னகைக்கிறாள். கேமரா பின்னால் நகர நகர, மகளும் இல்லை, கேக்கும் இல்லை, ஒரு தீப்பந்தம் மட்டும் எரிகிறது, சுற்றிலும் அந்த உயிரினங்களின் கூச்சல்.

இந்த மாற்றத்துக்குப் புதிதாக ஒரு ஃபிரேம்கூட எடுக்கத் தேவைப்படவில்லை என்பதைப் பாருங்கள். கடைசிக் கொஞ்சத்தை வெட்டினார்கள், கனவு நிஜமாகிவிட்டது. 2009இல் இரண்டாம் பாகம் எடுத்தபோது, பிரிட்டிஷ் படமாக இருந்தும், கதை அமெரிக்க முடிவிலிருந்துதான் தொடர்ந்தது. சாரா தப்பித்திருந்தால்தானே அவளைத் திரும்பக் குகைக்குள் அனுப்ப முடியும்!

இதே உத்தியை 'தி டிசென்ட்'டுக்கு இருபது வருஷத்துக்கு முன் இன்னொரு படத்திலும் செய்துபார்த்தார்கள், அது பெரிய சண்டையாக முடிந்தது. டெர்ரி கில்லியமின் 'பிரேசில்'. 1985இல் ஐரோப்பாவில் 142 நிமிட வடிவத்தை ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. கதை நடப்பது காகிதங்களும் படிவங்களும் ஆளும் ஒரு கொடுங்கோல் நாட்டில். சித்திரவதை நாற்காலியில் கட்டப்பட்ட நாயகன் மீட்கப்படுகிறான், காதலியோடு பசுமையான ஒரு பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேருகிறான். அடுத்த நொடி விசாரணை அதிகாரிகளின் முகங்கள் திரையில் எட்டிப் பார்க்கின்றன. அவன் நாற்காலியை விட்டு நகரவே இல்லை. புத்தி பேதலித்து, தனக்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கிடக்கிறான்.

அமெரிக்க உரிமை யுனிவர்சல் ஸ்டுடியோவிடம் இருந்தது. அதன் தலைவர் சிட் ஷெயின்பெர்க் இந்த முடிவை ஏற்கவில்லை. பள்ளத்தாக்கோடு நிறுத்து, காதல் ஜெயிக்கட்டும் என்றார். 94 நிமிடத்துக்கு ஒரு வடிவமும் தயாரானது. கில்லியம் 'வெரைட்டி' பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்: என் படத்தை எப்போது வெளியிடப் போகிறீர்கள் என்று ஷெயின்பெர்க்கின் பேரைப் போட்டே கேட்டார். விமர்சகர்களுக்குத் தனியாகப் படத்தைப் போட்டுக் காட்டினார். லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் சங்கம், அமெரிக்காவில் வெளியாகாத அந்தப் படத்துக்கே அந்த ஆண்டின் சிறந்த பட விருதைக் கொடுத்தது. யுனிவர்சல் இறங்கிவந்து, கில்லியம் தொகுத்த 132 நிமிட வடிவத்தை, துயரமுடிவோடு வெளியிட்டது. 94 நிமிட வடிவம் பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. நாயகன் தப்பித்துவிட்டால் அந்த நாடு அவ்வளவு கொடுமையானது இல்லை என்று ஆகிவிடும். அந்தப் படம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர் அது. ஒரு இயக்குநர் இப்படித் தெருவில் இறங்கிப் போராடியதற்கு எனக்கு மனமார்ந்த மரியாதை உண்டு.

இதுவரை பார்த்ததெல்லாம் வசூலை நினைத்துச் செய்தவை. சட்டத்துக்குப் பயந்து முடிவை மாற்றுவது இன்னொரு வகை. இதில் அமெரிக்காவும் சளைத்ததில்லை. 1934 முதல் 1968 வரை ஹாலிவுட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஹேஸ் விதிகள் நடைமுறையில் இருந்தன. குற்றவாளி தண்டனை பெறாமல் போகக்கூடாது என்பது அவற்றின் முக்கியமான நிபந்தனை. 'தி பேட் சீட்' நாடகத்தில் கொலைகாரச் சிறுமி உயிரோடு தப்பிவிடுவாள். 1956இல் படமானபோது அவள்மேல் மின்னல் விழுந்தது.

இன்று இந்த வகையில் அதிகம் பேசப்படுவது சீனா. அங்கே வயதுவாரியான சான்றிதழ் முறை கிடையாது. இந்தியாவில் இருக்கும் யு, யுஏ, ஏ போன்ற பிரிவுகள் இல்லை. ஒரு படம் வெளியாகிறது என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம். அதனால் பெரியவர்களுக்கு மட்டும் என்று சொல்லி ஒரு முடிவை அனுமதிக்க வழியே இல்லை. அதோடு, காவல்துறையும் அரசும் தோற்பதாகக் காட்டுவது அங்கே தணிக்கையில் சிக்கும்.

2002இல் ஹாங்காங்கில் வந்த 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' இதற்கு நான் பார்த்ததிலேயே கூர்மையான உதாரணம். ஆண்ட்ரூ லாவ், ஆலன் மேக் இருவரும் சேர்ந்து இயக்கியது. டோனி லியுங், கடத்தல் கும்பலுக்குள் ஒளிந்திருக்கும் போலீஸ்காரர். ஆண்டி லாவ், போலீஸுக்குள் ஒளிந்திருக்கும் கும்பல்காரன். ஒருவர் தன் உண்மையான வாழ்க்கைக்குத் திரும்ப ஏங்குகிறார். இன்னொருவன் பொய் வாழ்க்கையிலேயே நல்லவனாகிவிடலாம் என்று பார்க்கிறான். கடைசியில் லிஃப்ட்டில் டோனி லியுங்கின் பாத்திரம் சுட்டுக் கொல்லப்படுகிறது, சுட்டவன் போலீஸுக்குள் இருக்கும் மற்றொரு கும்பல்காரன். ஆண்டி லாவின் பாத்திரம் அவனையும் சுட்டுவிட்டு, தன் போலீஸ் அடையாள அட்டையைக் காட்டியபடி வெளியே வருகிறான். யாருக்கும் உண்மை தெரியாது. அவன் ஜெயித்துவிட்டான்.

ஜெயித்தானா? படம் தொடங்கும்போதே பௌத்த சூத்திரம் ஒன்று திரையில் வரும், இடைவிடாத வேதனை உள்ள நரகத்தைப் பற்றியது. அந்த நரகத்தில் அனுபவிப்பவனுக்குச் சாவே வராது. ஆக, மாட்டிக்கொள்ளாமல் காலமெல்லாம் பொய்யாகவே வாழவேண்டும் என்பதுதான் அவனுக்குக் கொடுக்கப்பட்ட தண்டனை. எந்த நீதிமன்றமும் அதைவிடக் கடுமையாகத் தீர்ப்பு சொல்ல முடியாது.

சீனப் பெருநிலத்துக்குப் போன வடிவத்தில் லிஃப்ட் கதவு திறக்கும்போது வெளியே போலீஸ் காத்திருக்கிறது. உனக்கெதிரான ஆதாரம் கிடைத்துவிட்டது என்கிறார்கள். அவன் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் கைதாகிறான். நீதி நிலைநாட்டப்பட்டது, நரகம் காணாமல் போனது. 2003இல் வந்த மூன்றாம் பாகத்தில் அவன் இன்னும் போலீஸில்தான் இருக்கிறான். சீன வடிவத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்தப் பாகம் தலையும் புரியாது, வாலும் புரியாது. 2006இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி இதே கதையை அமெரிக்காவில் 'தி டிபார்ட்டட்' என்று எடுத்தபோது, அந்தக் கும்பல்காரனை ஒருவர் அவன் வீட்டுக்கே வந்து சுட்டுக் கொன்றுவிடுகிறார். ஒரே கதையில் அவனுக்கு மூன்று விதிகள்: தொடரும் வேதனை, கைது, சாவு. ஹாங்காங் முடிவின் பக்கத்தில் மற்ற இரண்டும் நிற்கவே முடியாது என்பது என் கருத்து.

முடிவை மாற்ற வசதியில்லாதபோது அதற்குப் பதிலாக எழுத்தைப் போட்டுவிடுவதும் உண்டு. டேவிட் ஃபின்ச்சரின் 1999 படமான 'ஃபைட் கிளப்', கட்டடங்கள் வெடித்துச் சரிவதை நாயகனும் நாயகியும் கைகோத்துப் பார்ப்பதோடு முடியும். 2022 ஜனவரியில் சீனாவின் டென்சென்ட் தளத்தில் அது வந்தபோது வெடிப்பு இல்லை. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்: போலீஸ் திட்டத்தை முழுதாகக் கண்டுபிடித்து எல்லாக் குற்றவாளிகளையும் கைது செய்தது, குண்டு வெடிக்காமல் தடுக்கப்பட்டது, டைலர் (நாயகனின் இன்னொரு முகம்) மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான். முன்பே திருட்டு டிவிடியில் அசலைப் பார்த்திருந்த சீன ரசிகர்கள் இணையத்தில் கொதித்தார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. சில நாட்களில் டென்சென்ட், வெட்டிய சுமார் 12 நிமிடங்களில் பெரும்பகுதியைத் திரும்பச் சேர்த்துவிட்டது, வெடிப்பு உட்பட. இதில் ஒரு சுவாரசியமான செய்தி: மூல நாவலில் குண்டு வெடிப்பதே இல்லை, கதைசொல்லி மனநலக் காப்பகத்தில்தான் இருப்பான். சீன முடிவுதான் என் புத்தகத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று நாவலாசிரியர் சக் பாலனிக்கே சொன்னார்.

அதே 2022இல் மினியன்ஸ் படமொன்றின் சீன வடிவத்துக்கும் கடைசியில் ஒரு நிமிடம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. கெட்டவன் ஒருவன் பிடிபட்டு 20 வருஷம் சிறையில் இருந்ததாகவும், கதாநாயகன் க்ரு நல்ல அப்பாவாக ஆனதாகவும் அதில் எழுத்து வந்தது. குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் அது!

இவ்வளவு வடிவங்கள் எப்படிச் சரியான தியேட்டருக்குச் சரியாகப் போய்ச் சேருகின்றன என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். பிலிம் காலத்தில் நாட்டுக்கு நாடு தனி நெகட்டிவ், தனி பிரிண்ட் என்று செலவு அதிகம். இப்போது தியேட்டருக்குப் போவது டிசிபி எனப்படும் டிஜிட்டல் கோப்புகளின் தொகுப்பு. படத்தை அதற்குள் இன்னும் ரீல் ரீலாகத்தான் பிரித்து வைத்திருப்பார்கள். கூடவே ஒரு பட்டியல் கோப்பு இருக்கும்: எந்தப் படக் கோப்பை, எந்த ஒலிக் கோப்பை, எந்த வரிசையில் ஓட்டவேண்டும் என்று அது சொல்லும். முழுப் படத்தையும் திரும்பச் செய்யாமல், கடைசி ரீலை மட்டும் புதிதாகச் செய்து, அதைச் சுட்டும் ஒரு புதுப் பட்டியலைச் சேர்த்து அனுப்பினால் முடிந்தது. தியேட்டர்காரர்கள் நள்ளிரவில் காத்திருக்கும் கேடிஎம் என்ற சாவி, எந்தப் பட்டியல் எந்தத் தியேட்டரில் எந்தத் தேதியில் ஓடலாம் என்பதைத் திறந்துவிடும். ஓடிடியில் இன்னும் சுலபம். நாட்டைப் பொறுத்து வேறு கோப்பு ஓடும், பார்ப்பவருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது.

அதனால் ஒரு படம் நீங்கள் கேள்விப்பட்ட மாதிரி முடியவில்லை என்றால் முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 142, 132, 94 என்று 'பிரேசில்' மூன்று நீளத்தில் இருப்பதுபோல, பெரும்பாலும் நிமிடக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் எந்த நாட்டு வெளியீடு என்று பாருங்கள்.

அசல் முடிவு சொந்த நாட்டில் கிடைக்காமல் வெளிநாட்டில் பிழைத்துக் கிடப்பதும் உண்டு. ரமேஷ் சிப்பியின் 'ஷோலே' அப்படிப்பட்டது. சிப்பி எடுத்த முடிவில், கைகளை இழந்த தாக்கூர், ஆணி பதித்த செருப்பால் கப்பர் சிங்கை மிதித்தே கொல்கிறார். 1975, நெருக்கடி நிலைக் காலம். முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைத் தன் கையில் எடுக்கக்கூடாது என்றது சென்சார். அவசர அவசரமாகப் புதுக் காட்சி எடுத்தார்கள்: கடைசி நொடியில் போலீஸ் வந்து தாக்கூரைத் தடுத்து, கப்பரைக் கைது செய்கிறது. இந்தியா முழுக்க வருஷக்கணக்கில் ஓடியது அதுதான். நம் அப்பா அம்மாக்கள் பார்த்ததும் அதுதான். தாக்கூர் பழிதீர்க்கும் முடிவு பிற்காலத்தில் வெளிநாட்டு வீடியோ பிரதிகள் வழியாக வெளியே வந்தது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், சிப்பி நிறுவனத்தோடு சேர்ந்து படத்தை மீட்டெடுத்து, 2025 ஜூனில் இத்தாலியின் பொலோன்யா நகரத் திரைப்பட விழாவில் அந்த முடிவோடு திரையிட்டது. படம் வெளியாகி ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.